திருவந்திபுரத்தில் அளந்த பூமி

நெய்வேலிக்கு வடகிழக்கே, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் பூமியின் வளைவை அளந்தார்கள் என்பதைப் பலர் அறியார். 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்த வில்லியம் லாம்ப்டன், சென்னைக்கு வடக்கிலிருந்து இவ்வூர்வரை முக்கோணங்களால் தொலைவு கணித்து, இரு முனைகளிலும் விண்மீன் உயரங்களைக் குறித்தார். பூமி தட்டையாயின், வெகுதொலைவிலுள்ள விண்மீன் ஈரிடத்தும் ஒரே உயரத்தில் அன்றோ தோன்றும்? ஒன்றரைப் பாகைக்குமேல் வேறுபட்டது.

உருண்டையா எனும் வழக்கு என்றோ தீர்ந்தது. கலீஃபா மஃமூனின் அறிஞர்கள் 9ஆம் நூற்றாண்டிலேயே சிஞ்சார் சமவெளியில் வடக்கும் தெற்குமாகச் சென்று, துருவ உயரம் ஒரு பாகை மாறும் தொலைவை அளந்துவிட்டனர். (கொலம்பஸே மெய்ப்பித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோர் இன்னும் உளர்!) துருவங்களில் பூமி எவ்வளவு தட்டையாகியுள்ளது என்பதே லாம்ப்டனின் ஆய்வு. அது ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு.