அஞ்சடிச் சுவரில் ரோஜாப்பூ: ஈப்போ டைல்ஸ் எங்கிருந்து வந்தது?

ஈப்போ பழைய நகரத்துக்கு வெள்ளைக் காப்பி குடிக்கப் போயிருப்பீங்க. அஞ்சடியில் நடக்கும்போது சில பழைய கடைவீடுகளின் முன்சுவரைக் கவனித்தது உண்டா? ரோஜா, இலை, கொடி என்று மேடு பள்ளமாகப் பளபளக்கும் டைல்ஸ்! செல்ஃபிக்கு நல்ல பின்னணிதான். ஆனால் அந்தப் பூக்கள் இங்கே எப்படி வந்தன?

எங்கே தொடங்கியது?

விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆட்சி செய்தார். இங்கிலாந்து நகரங்களைத் தொழிற்சாலைப் புகை சூழ்ந்த காலம் அது. வீட்டுக்குள்ளாவது பசுமை வேண்டும் என்று மக்கள் ஆசைப்பட்டார்கள். சுவர்த்தாள், திரைச்சீலை, இரும்புக் கிராதி என எங்கும் பூ வடிவம் வந்தது. 1840-இல் ரிச்சர்ட் புரோசர், களிமண் தூளை அச்சில் அழுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மின்டன் நிறுவனம் அதை டைல்ஸுக்குப் பயன்படுத்தியது. ஒரே மாதிரி டைல்ஸை வேகமாகச் செய்ய முடிந்தது.

பூவை அப்படியே வரையலாமா?

கூடாது என்றார் ஓவன் ஜோன்ஸ். பூவைத் தட்டையான, சீரான வடிவமாக மாற்ற வேண்டும் என்று 1856-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தாவரவியல் படித்த வடிவமைப்பாளர் கிறிஸ்டபர் டிரெஸ்ஸரும் அதே வழியில் போனார். இப்போது ஒரு டைலை உற்றுப் பாருங்கள். பல டைல்ஸில் இடது பாதியும் வலது பாதியும் ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லாம் இங்கிலாந்து டைல்ஸா?

இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு, அதே பாணியில் ஜப்பான் செய்த டைல்ஸ் இந்த வட்டாரத்தில் அதிகம் விற்றது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளிலும் அதைப் பார்க்கலாம்.

நமக்கு என்ன சம்பந்தம்?

செடிகளைத் தேடிச் சேர்க்கும் அதே விக்டோரியா கால மோகம்தான் பால்மரத்தையும் இங்கே கொண்டு வந்தது. 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அதில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சாருக்கு வந்தன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு பேராக்கில் தோட்டங்கள் பெருகின. நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்ட வந்தார்கள். ஒரு செடி சுவருக்கு அழகானது, இன்னொரு செடி நம் குடும்பங்களின் வாழ்க்கையையே மாற்றியது.

சிமெண்டில் பதித்த பழைய டைலைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். உங்கள் குடும்பத்தின் பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறார்களா? உளி வைப்பதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.