கணக்கில் ஏறியவரும் ஏறாதவரும்
(இலங்கைப் போர்க்கால நிவாரண வரலாறு தரும் பாடம்)



நமது திண்டுக்கல் நகரை அடுத்த தோட்டனூத்தில் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் 321 புதிய வீடுகள் திறக்கப்பட்டன. தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் பல்லாண்டுகளாக நெருக்கடியான சிறு வீடுகளில் காலம் கழித்த இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவற்றைத் தமிழக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வழங்கினார். நாம் அன்றாடம் வணிகத்திற்கும் உறவினர் இல்லங்களுக்கும் சென்றுவரும் வட்டாரத்திலேயே, அயல்நாட்டுப் போர் ஒன்றின் வரலாறு இவ்வாறு குடியிருந்து வருகிறது. அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நமது கடமையாகும்.

போரினால் வீடிழந்தவர்களுக்கு அரசுகள் என்ன கொடுத்தன என்று கேட்பது வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அரசு அவர்களை எத்தனை பேர் என்று எண்ணியது? என்ன பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதியது? அரிசியும் கூரையும் உரிமையும் அந்த ஒரு வரியைப் பொறுத்தே வந்து சேர்ந்தன என்பதை இலங்கையின் அனுபவம் காட்டுகிறது.

கடல் கடந்து வந்தவர்கள்

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இன வன்செயலுக்குப் பின் தமிழ் மக்கள் படகேறி இராமேசுவரம் கரைக்கு வரத் தொடங்கினர். 1987-க்குள் வந்தோர் தொகை ஒரு இலட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டியது. முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் முகாமே இவர்களுக்கு வரவேற்பு முகாமாயிற்று. அங்கே பதிவு செய்யப்பட்டு, பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டனர். மாதந்தோறும் உதவித்தொகையும், கிலோ 57 பைசா விலையில் அரிசியும் வழங்கப்பட்டன.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயினும் வந்தவர்களை ஏற்று உணவளித்தது பாராட்டத்தக்கது. எனினும் அந்த உதவி, சட்டம் தந்த உரிமையாக அல்லாமல் அரசின் கருணையாகவே இருந்தது. கருணைக்குக் காலநிலை உண்டு. 1991 மே மாதம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலையுண்டபின் முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. 1992 ஜனவரியில் அகதிகளைத் திருப்பி அனுப்பும் பணியும் தொடங்கியது. குற்றம் செய்யாத குடும்பங்களும் ஐயத்தின் நிழலில் வாழ நேர்ந்தது.

எதிர்த்திசையில் சென்ற படகுகள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் அலையாக மக்கள் தமிழகம் வந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் அதே கடலில் வேறு சில படகுகளும் ஓடின. வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே அவகாசம் தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, அம்மண்ணிலேயே பள்ளிவாசல் கட்டி வாழ்ந்த சுமார் 75,000 மக்கள் வெறுங்கையுடன் புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் படகுகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினர். அவ்வூர் மக்களே முதல் உணவும் இடமும் தந்தனர்.

அரசு என்ன செய்தது? உலர் உணவுப் பங்கீடு வந்தது. ஆனால் அவர்கள் எந்த ஊரார் என்ற கேள்விக்கு விடை வரவில்லை. வடக்கில் பதிந்திருந்த வாக்குரிமையை விட்டால் பிறந்த மண்ணின் மீதுள்ள உரிமையும் போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறம். புத்தளத்தில் பதியாவிட்டால் அங்கே பள்ளிக்கூடத்திலும் வேலைவாய்ப்பிலும் பங்கு கிடைக்காத நிலை மறுபுறம். உலக வங்கி உதவியுடன் அங்கே நிரந்தர வீட்டுத் திட்டம் வந்தது 2007-இல்தான். கொட்டிலில் பிறந்த குழந்தை அதற்குள் பதினாறு வயதைக் கடந்திருந்தது.

எண்ணிக்கை குறைந்தால் உணவும் குறையும்

போரின் கடைசி மாதங்கள் இதனினும் கொடியவை. 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என இலங்கை அரசு கூறியதையடுத்து ஐக்கிய நாடுகள் ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். வன்னியில் சிக்கியவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல் என அங்கிருந்த அரசு அதிகாரிகளே கணக்குக் கொடுத்தனர். கொழும்பு அரசோ 2009 தொடக்கத்தில் ஒரு இலட்சம் என்றும், பின்னர் 70,000 என்றும் கூறியது. உணவும் மருந்தும் அக்குறைந்த கணக்கின்படியே அனுப்பப்பட்டன. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 2,80,000 பேர் முட்கம்பி வேலியிட்ட முகாம்களில் இருந்தனர். இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் உயிரோடு வந்து நின்றனர். வராமற்போனவர்களின் கணக்கு இன்றும் தீரவில்லை. எண்ணிக்கை வேண்டுமென்றே குறைத்துக் காட்டப்பட்டதாக 2011-இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு தெரிவித்தது.

இந்திய அரசு 2009 மார்ச்சில் புல்மோட்டையில் அவசர மருத்துவமனை ஒன்றை அமைத்தது. 2010-இல் 50,000 வீடுகள் கட்டித்தர முன்வந்தது. இவை மறக்கத்தகாத உதவிகள்.

ஆனால் மீள்குடியேற்றம் தொடங்கியபோது, 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தோர் 'பழைய அகதிகள்' எனவும், பின் இடம்பெயர்ந்தோர் 'புதிய அகதிகள்' எனவும் பிரிக்கப்பட்டனர். உதவியில் புதியோர்க்கே முதலிடம். 1990-இல் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் பழையோர் பட்டியலில் பின்தங்கினர். தாமாகவே மன்னாரின் முசலிப் பகுதிக்குத் திரும்பியவர்கள், இருபது ஆண்டுகளில் தம் நிலங்கள் காடாகிக் கிடப்பதைக் கண்டனர். அவற்றுள் ஒரு பகுதி 2012-இல் அரசிதழ் வாயிலாக வனமாகவே அறிவிக்கப்பட்டது.

நம் பக்கத்து நிலை

2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்வாழ் மக்களுக்காக 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. 7,469 வீடுகள் கட்டவும், குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகையை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்த்தவும் முடிவாயிற்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. தோட்டனூத்து வீடுகள் இத்திட்டத்தின் கனியே.

வீடு கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஈராண்டு கழித்து அதே முகாமில் பிறந்த பிள்ளைக்கு அவ்வழி அடைபட்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியதை நாம் நன்கறிவோம். அச்சட்டம் இலங்கைத் தமிழரையும் சேர்க்கவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தோருக்குக் குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-இல் விலக்கு அளிக்கப்பட்டது. அது அச்சம் நீக்கும் ஏற்பாடே அன்றிக் குடியுரிமை ஆகாது.

நமக்குரிய பாடம்

பட்டினியைப் போக்க அரசுகள் பலமுறை விரைந்தன. 'நீ இம்மண்ணுக்கு உரியவன்' என்று எழுதித் தரவோ பல பத்தாண்டுகள் தயங்கின. புத்தளத்து முஸ்லிமுக்கும் தோட்டனூத்துத் தமிழருக்கும் நேர்ந்தது ஒரே குறைதான்.

இக்குறையை அரசிடம் மட்டும் தேட வேண்டியதில்லை. நாமும் தலைக்கட்டு எண்ணியே ஜமாஅத்தை நடத்துகிறோம். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, வாடகை வீட்டில் குடியிருந்து, நம் பள்ளியிலேயே தொழுதும் தலைக்கட்டுப் பட்டியலில் இடம்பெறாதோர் எந்த ஊரிலும் உண்டு. திருமணமோ மரணமோ நேரும்போதுதான் 'இவர் எந்த ஜமாஅத்?' என்ற கேள்வி எழுகிறது. அடுத்த ஆண்டின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பாளர்கள் அவ்வீடுகளின் கதவையும் தட்டிப் பெயரை எழுதிக்கொள்வார்களானால், இவ்வரலாற்றைப் படித்ததன் பயன் நமக்குக் கிட்டியதாகும்.