பாடல் பெற்ற ஊரும் பாடல் இல்லாத கல்லும்

திருப்பாச்சூர் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அதற்கு வடக்கே பூண்டி ஏரி. அதனையடுத்து அல்லிக்குழி மலை. குடியம் சிற்றூரிலிருந்து முட்புதர்க் காட்டினூடே மலையேறிக் குகைகளைக் கண்டு திரும்ப ஒரு பகற்பொழுது போதும். ஆனால் அவ்வொரு பகலில் நாம் கடந்து செல்லும் காலம் மிகப் பெரிது.

ஏரி இளையது. சென்னையின் குடிநீருக்காகக் கொற்றலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி 1943இலேயே மறைந்தார். நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பார்வையிழந்த சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் இந்நீருள் அமிழ்ந்தது. ஆயினும் கோயில் பூண்டியில் மீண்டும் எழுந்தது. இடம் போயிற்று, நினைவு போகவில்லை. காரணம், அதற்குத் தேவாரம் இருந்தது. பெரிய புராணம் இருந்தது.

மலையின் கதை வேறு. கூழாங்கற்கள் இறுகித் திரண்ட பாறையே இம்மலை. இப்பகுதியின் குவார்ட்சைட் கற்களைக் கொண்டுதான் தொல்மனிதர் கைக்கோடரி செய்தனர். பெரிய கற்சில்லுகளை வேறிடத்தில் பெயர்த்தெடுத்து அத்திரம்பாக்கத்துக்குச் சுமந்து வந்தனர். நமக்கு உலாவாக இருப்பது அவர்களுக்கு அன்றாடப் பாடு.

1863 செப்டம்பரில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இக்கருவிகளைக் கண்டனர். அவற்றின் வயதை உறுதியாகக் கூற அன்று வழியில்லை. 1999 முதல் சாந்தி பப்புவும் பின்னர் குமார் அகிலேசும் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக அகழ்ந்தனர். 2011இல் விடை கிடைத்தது: மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள். கைக்கோடரி மரபு மாறி நுண்ணிய சில்லுக்கருவிகள் தோன்றியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என 2018இல் மற்றொரு முடிவு வெளிவந்தது.

இம்முடிவுகள் எப்படிச் சாத்தியமாயின? கற்கள் புதைந்த இடத்திலேயே இருந்தமையால். ஒரு கல் மண்ணுக்குள் மறைந்து எவ்வளவு காலமாயிற்று என்பதை, அதனையும் அதனைச் சூழ்ந்த படிவையும் சோதித்தே அறிந்தனர். அடுக்கிலிருந்து பெயர்க்கப்பட்ட கருவி, வடிவால் மட்டும் பேசும், காலம் சொல்லாது.

இங்கேதான் கோயிலும் கல்லும் வேறுபடுகின்றன. கோயிலை இடம் மாற்றலாம். பாடல் அதனைக் காக்கும். கல்லைப் பாடியவர் எவருமிலர். கிடக்கும் இடமே அதன் பதிகம், அதுவே அதன் தலபுராணம்.

எனவே மலையேறும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழகாகக் கூர்தீட்டிய கல்லொன்று காலடியில் தென்பட்டால் குனிந்து பாருங்கள், வியந்து நில்லுங்கள், பைக்குள் போடாதீர்கள். கையிலெடுத்துப் பார்க்கும் ஆவலை, பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் கண்ணால் தீர்த்துக்கொள்ளலாம்.