ஒலியில் எழுந்த பொன்னிவளநாடு

கார்ட்டூன் உலகம் ஒன்றை மின்னிசைத் தொகுப்பாக்க வேண்டுமென்றால், படத்துக்கு இசை சேர்ப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் டாஃப்ட் பங்க் இரட்டையரின் 'டிஸ்கவரி' 2001இல் வந்தது. அதன் பாட்டுகள் மீதே, உரையாடல் இல்லாத 'இன்டர்ஸ்டெல்லா 5555' 2003இல் எழுந்தது. ஒலி முந்தியது, ஓவியம் பிந்தியது. நம் அண்ணன்மார் கதையும் அந்த வழியில் வந்ததுதான் என்பது என் வாதம்.

மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1960களில் தங்கி ஆய்வு செய்தபோது, அண்ணன்மார் உடுக்கடிப் பாட்டை இரவிரவாக ஒலிநாடாவில் பதிந்தார். 1982இல் அதுபற்றிய ஆய்வுநூலும், 1992இல் சென்னையிலிருந்து தமிழ், ஆங்கில இருமொழிப் பதிப்பும் வந்தன. பிற்பாடு கனடாவிலிருந்து அவரே அதை 26 பகுதிக் கார்ட்டூன் தொடராக்கினார். அண்ணன்மாரான பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள், கொம்பன் என்னும் காட்டுப்பன்றி என எல்லோரும் அதில் உருவம் பெற்றார்கள். ஆனால் காவிரியின் கிழக்கே திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் ஊர்களில் அண்ணன்மார் சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கு அந்த உருவங்கள் காதின் வழியே எப்போதோ வந்துவிட்டவை.

உடுக்கையைக் கவனித்தால் காரணம் விளங்கும். இரண்டு தோல்முகங்களையும் இழுத்துக்கட்டிய கயிறு இடுப்பில் ஓடுகிறது. இடக்கை விரல்கள் அதை அழுத்தினால் தோல் விறைத்துச் சுருதி ஏறும். தளர்த்தினால் விம்மி இறங்கும். ஒரே அடி கேள்வியாகவும் விசும்பலாகவும் மாறும். மின்னிசைக் கருவியில் சுருதியை வளைக்கும் சக்கரமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆகவே உடுக்கைக்கு அருகில் மின்னிசை நிற்பதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. கோயில் திடலில் உடுக்கையே இன்று மைக் வழியாகத்தான் ஊருக்குக் கேட்கிறது.

முரண் இருப்பது காலத்தில். பெக் பதிந்த பாடகர் கதையைப் பாடியும் கொடுத்தார், பிறகு எழுதிக்கொள்ளும்படி சொல்லியும் கொடுத்தார். சொல்லும்போது எதிரே இருப்பவர் எழுதுகிறவர் மட்டும். பாடும்போது ஊரே இருக்கிறது, பின்பாட்டுக்காரர் இருக்கிறார், தூக்கம் வந்த குழந்தை இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் அடிகளுக்கு வேலை அங்கேதான். தொலைக்காட்சிப் பகுதிகள் கதையைச் சம்பவங்களாக நறுக்குகின்றன. ஒலித்தொகுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரவை அலகாகக் கொண்டு, நீண்ட தடங்களாக அது நகரலாம். உடுக்கை ஓசையை இரண்டு நொடி வெட்டி நடனத் தாளத்தில் ஒட்டுவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். அது கதை நடக்கும் பொன்னிவளநாட்டை வெறும் அலங்காரமாக்கிவிடும்.

கொம்பன் வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மலைபோன்ற பன்றியை மடக்கி வீழ்த்த வழிசெய்வது பொன்னாச்சி என்ற குட்டி நாய். கார்ட்டூனில் ஒரே சட்டகம் இரண்டின் பருமனையும் காட்டிவிடும். காதுக்கோ நேரம் வேண்டும்: அடியாழத்தில் நெடுநேரம் உறுமும் ஓர் ஒலி, அதற்கு மேலே எங்கோ ஊசிபோல் ஒரு குரைப்பு.

படுகளம் என்னும் சடங்கு இன்னும் கடினம். அண்ணன்மார் மாண்ட கட்டத்தில், அருள் வந்து விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தித் துணி போர்த்துவார்கள். சற்று முன்வரை முழங்கிய திடல் அடங்கிவிடும். பிறகு தங்காளின் இடத்தில் நிற்கும் பெண் தண்ணீர் தெளிக்க, ஒவ்வொருவராக எழுவார்கள். தண்ணீர் விழுவதற்கு முன்னான அந்த அடக்கம் எத்தனை நிமிடம் நீண்டாலும் ஊர் அசையாமல் காத்திருக்கும்.