மூளையில் நோய் எதிர்ப்புச் செல்கள்

பாலூட்டிகளின் மூளைத் திசுவுக்குள் நிலையாகக் குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் மைக்ரோகிளியா எனப்படும். மூளை உறைகளிலும் இரத்தக் குழாய்களின் ஓரங்களிலும் வேறு வகை மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் உண்டு. இருந்தும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், மூளை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கைக்கு எட்டாத இடம் என்றே பாடநூல்கள் எழுதின. அந்தக் கருத்து வேரூன்றக் காரணம் ஆதாரப் பஞ்சமல்ல. கையில் இருந்த ஆதாரத்தில் பாதியை மட்டும் படித்ததுதான்.

மாட்ரிட்டில் பியோ தெல் ரியோ ஹோர்த்தேகா 1919இல் வெள்ளி கார்பனேட் சாயமுறையால் மைக்ரோகிளியாவைத் தனித்துக் காட்டினார். கிளைகள் விரித்து நிற்கும் அவை, காயம் பட்டதும் கிளைகளை உள்ளிழுத்து உருண்டு, சிதைவை விழுங்குவதையும் பதிவுசெய்தார். இவை நரம்புத் திசுவில் பிறந்தவை அல்ல, வளர்ச்சிக் காலத்தில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை என்பது அவர் கணிப்பு. அதை ஏற்பதா மறுப்பதா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. 2010இல் ஃப்ளோரான் ஜினூவின் குழு எலிக்கருவில் இவற்றின் மூலத்தைத் தேடிப்போய், கருவின் 8ஆம் நாளுக்கும் முன்பே மஞ்சட்கருப் பையில் தோன்றும் முன்னோடிச் செல்களில் கண்டது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இரத்த வெள்ளணுக்களிலிருந்து வேறான மரபு இது.

தனித்த மூளை என்ற கருத்துக்குப் பெரிய சான்றாகக் காட்டப்பட்டது பீட்டர் மெடவாரின் 1948ஆம் ஆண்டு ஆய்வு. ஒரு முயலின் மூளையில் வேறொரு முயலின் தோலை ஒட்டினால் உடல் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: அந்த முயலுக்கு முன்னதாக உடம்பில் அந்நியத் தோலை ஒட்டி உடலை விழிப்பாக்கியிருந்தால், மூளையில் ஒட்டிய தோலும் அழிந்தது. அதாவது, எதிர்ப்பைத் தொடங்கும் வழிதான் குறைவு. வந்த எதிர்ப்பைத் தடுக்கும் சுவர் அங்கில்லை. மூளைக்கு நிணநீர் வடிகால் கிடையாது என்பது அடுத்த வாதம். மூளை உறையில் நிணநீர்க் குழாய்களைக் கண்டதாக இத்தாலிய உடற்கூற்றறிஞர் பாவ்லோ மஸ்காஞ்ஞி 1787இலேயே எழுதியிருந்தார், யாரும் பொருட்படுத்தவில்லை. 2015இல் வர்ஜீனியா, ஹெல்சிங்கி குழுக்கள் எலிகளில் அவற்றை மீண்டும் காட்டின. மனிதரிடத்தில் சான்று மருத்துவமனையிலிருந்தே வந்தது: மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸுக்குத் தரப்படும் நாட்டாலிசுமாப் மருந்து டி செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கிறது, அதைப் பெற்றவர்களில் சிலருக்கு, உடலில் அடங்கிக் கிடந்த ஜேசி வைரஸ் மூளையைத் தாக்கியது. எந்தக் காவலும் நடக்காத இடத்தில் காவலை நிறுத்தியதால் கேடு விளைய முடியாது.

காவலோடு மைக்ரோகிளியாவின் வேலை முடிகிறதா என்பதில்தான் இன்றைய சர்ச்சை. 2005இல் உயிருள்ள எலியின் மூளையைப் படம்பிடித்தபோது, ‘ஓய்வில்’ இருப்பதாகக் கருதப்பட்ட மைக்ரோகிளியாவின் உடல் அசையாமலிருக்க, கிளைகள் இடைவிடாது நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தன. 2012இல் டோரத்தி ஷேஃபர், பெத் ஸ்டீவன்ஸ் குழு, வளரும் எலியின் பார்வைப் பாதையில் அவை நரம்பிணைப்புகளை விழுங்குவதைக் காட்டியது. விழுங்க வேண்டிய இணைப்புகளில் ஒட்டும் நிரப்புப் புரதத்தை அடையாளம் காணும் ஏற்பி இல்லாத எலிகளில் இணைப்புகள் மிகுந்து நின்றன. மூளையைச் செதுக்கும் சிற்பிகள் என்ற புகழ் இங்கிருந்து பரவியது.

எதிர்வாதம் வலுவானது. மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே மைக்ரோகிளியா இல்லாத எலிகள் 2019இல் உருவாயின. அவை பிழைத்து வளர்கின்றன. அண்மை ஆய்வொன்றில் அவற்றின் மூளைப் புறணியிலும் தாலமஸிலும் நரம்பிணைப்புகள் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தன. ஆகவே செதுக்கும் வேலை இவற்றின் ஏகபோகம் என்ற கூற்று நிற்காது. ஆனால் தேவையற்றவை என்ற முடிவும் அவசரமானது. அதே எலிகளில் நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறை முதலில் அளவுக்கு மீறித் தடித்து, பிறகு சிதைகிறது. உருவாக்கத்தைவிடப் பராமரிப்பிலேயே இவற்றின் இன்றியமையாமை தெரிகிறது. மனிதரிலோ இழப்பு இன்னும் கடுமை: சிஎஸ்எஃப்1ஆர் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதாகி மைக்ரோகிளியா இல்லாமற்போன குழந்தைக்கு, இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசமே உருவாகவில்லை.