பாலில் எண்ணிய அணுக்கள்

வெளுத்ததெல்லாம் பாலன்று என்பர். பாலே ஆயினும் அதன் வெண்மை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, எவர் வீட்டுப் பசுவின் பால் என்றறியாமலே காய்ச்சிக் குடிக்கும் நமக்கு இது எண்ணத்தக்கது.

மடிநோய் முற்றினால் மடி வீங்கும். பால் திரிதிரியாக இறங்கும். கறப்பவரே கண்டுகொள்வார். ஆனால் வீக்கமும் சூடுமின்றி உள்ளே மறைந்திருக்கும் நோயும் உண்டு. பால் குறையும், கறக்கும் கையினாலேயே தொற்று அடுத்த பசுவுக்குச் செல்லும், உடையவரோ தீனியைக் குறை கூறிக்கொண்டிருப்பார்.

அமெரிக்காவில், பாலைச் சுழற்றி அடியில் படியும் வண்டலில் அணுக்களை எண்ணுவது முன்னைய வழக்கம். ஏடோடு மேலே எழுந்த அணுக்கள் கணக்கில் வாரா. 1910இல் பிரெஸ்காட், பிரீட் என்னும் இருவர், ஒரு மில்லிலிட்டரின் நூறில் ஒரு பங்குப் பாலைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் நேரே எண்ணும் முறையை வெளியிட்டனர். அவ்வணுக்களைச் சீழ் என்றே பலர் அஞ்சியிருந்தனர். நலமான பசுவின் பாலிலும் அவை உண்டு. கிருமி புகுந்தால் வெள்ளணுக்கள் திரண்டு வந்து பெருகுகின்றன. ஆதலால் உண்டா இல்லையா என்பதன்று, எத்தனை என்பதே கேள்வி. மொழிபெயர்ப்பே தொழிலான நாம் 'உடலணு' என்றெழுதிவிட்டு, விளங்குமோ என்று தயங்குவதுண்டு. 'சீழ்' என்பதோ உடனே விளங்கிற்று, பிழையாக விளங்கிற்று.

நுண்ணோக்கி தொழுவத்துக்கு வாராது. 1939இல் ஒயிட்சைட் என்பார் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்து, பால் கெட்டிப்படுகிறதா என்று பார்க்கும் வழியைக் காட்டினார். 1957இல் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் ஆகியோர் அதனினும் எளிதான சோதனையை அளித்தனர். நான்கு குழிகளுள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே கறந்து, அதே அளவு சலவைப்பொருள் கரைசலைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். கரைசல் அணுக்களை உடைக்க, உள்ளிருக்கும் டி.என்.ஏ. வெளிப்பட்டுக் கூழாகும். அணு மிகுந்தால் கூழும் தடிக்கும். எந்தக் காம்பில் நோய் என்பதும் சில நொடிகளில் தெரிந்துவிடும். புதிதாக ஈன்ற பசுவிலும் பால் வற்றும் பசுவிலும் எண்ணிக்கை இயல்பாகவே கூடும், அவசரப்படலாகாது.

பின்னர் எண்ணும் எந்திரங்கள் வந்தன. மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்குக் குறைந்தால் மடி நலமென்பது பொதுவான கணிப்பு. பண்ணையின் மொத்தப் பாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 4 லட்சமும், அமெரிக்கா 7.5 லட்சமும் எல்லையாக வகுத்தன. எந்தக் கிருமி என்பதை மட்டும் இவ்வெண்கள் சொல்லா. அதற்கு ஆய்வகத்தில் கிருமியை வளர்த்தே பார்த்தல் வேண்டும்.