ஆயில் மாற்ற வேண்டாத எஞ்சின்: ஒரு சின்ன வரலாறு

புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினுக்குள் இருப்பது சுமார் அரை லிட்டர் ஆயில். அதை மாற்றும் வேலையை எப்படிக் குறைப்பது என்று கம்பெனிகள் பல பத்தாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டன.

காரணம் இருக்கிறது. சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் ஆயில் ஃபில்டர் கிடையாது. உள்ளே சுழலும் ஒரு பாகம் ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த உலோகத் துகளும் கரியும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம்.

முதல் வழி, மாற்றும் வேலையே இல்லாமல் செய்வது. 1952-ல் சிட்னியில் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் தயாரித்த விக்டா புல்வெட்டி டூ ஸ்ட்ரோக். (முதல் மாதிரியின் பெட்ரோல் டேங்க் ஒரு பீச் பழ டப்பா!) ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றினால் போதும், சேர்ந்தே எரிந்துவிடும். ஆனால் புகை? அமெரிக்காவில் 1997 மாடல்களிலிருந்து சின்ன எஞ்சின்களுக்கும் புகைக் கட்டுப்பாடு வந்தது. டூ ஸ்ட்ரோக் புல்வெட்டிகள் அங்கே மெல்ல மறைந்தன.

இரண்டாவது வழி, ஆயிலைச் சுலபமாக வெளியேற்றுவது. புல்வெட்டியில் எஞ்சினுக்கு நேர் கீழே பிளேடு. அதனால் இயந்திரத்தையே சாய்த்து ஆயிலைக் கொட்ட வேண்டும். தவறான பக்கம் சாய்த்தால் கார்புரேட்டருக்குள் ஆயில் போய்விடும். இதற்காகவே டிப்ஸ்டிக் துளை வழியாக ஆயிலை உறிஞ்சும் கைப்பம்புகள் வந்தன. பம்புசெட், ஜெனரேட்டர்களுக்காக 1983-ல் வந்த ஹோண்டா ஜிஎக்ஸ் எஞ்சின்களில் ஆயில் வடிக்கும் போல்ட் பக்கவாட்டில், எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

மூன்றாவது வழிதான் துணிச்சலானது. மில்வாக்கியில் 1908-ல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், 2010-களின் நடுவில் "ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள், மாற்றவே வேண்டாம்" என்று சில எஞ்சின்களை விற்றது. சூட்டைத் தாங்கவும், குப்பை சேராமல் இருக்கவும் வடிவமைத்ததாகச் சொன்னது. மெக்கானிக்குகள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபில்டர் இல்லாத எஞ்சினில் அழுக்கு எங்கே போகும் என்பது அவர்கள் கேள்வி.

வணிகக் கணக்காகப் பார்த்தால் விஷயம் புரியும். கடையில் நிற்பவருக்கு, மிச்சமாகும் வேலை உடனே தெரிகிறது. எஞ்சினின் ஆயுள் பல வருடம் கழித்துத்தான் தெரியும். டூ ஸ்ட்ரோக்கில் விலையைக் காற்று கொடுத்தது. இங்கே எஞ்சினே கொடுக்கலாம்.

கலிபோர்னியாவில் 2024 மாடலிலிருந்து புதிய புல்வெட்டிகள் புகையே விடக்கூடாது. பேட்டரி புல்வெட்டியில் மாற்ற ஆயிலே இல்லை. ஆனால் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு!